சிலாய் சர்டிபிகேட்

என் வீட்டு நடுக்கூடத்துச் சுவரில் ஒரு தையல் சான்றிதழ் தொங்குகிறது. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் அப்பாவே ஆணி அடித்து மாட்டியது. மூன்று மாதப் பயிற்சியை நான் முடித்திருக்கிறேன் என்றும், குழுவிலேயே சிறந்த மாணவி நான்தான் என்றும் அதில் இருக்கிறது. கீழே ஓர் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து. எனக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைப் படித்துவிட்டு, "சேலைக்கு ஃபால்ஸ் வச்சுத் தர்றியா?" என்று கேட்டால், டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விடுவேன்.

இத்தனைக்கும் அந்தச் சான்றிதழில் ஒரு பொய்கூட இல்லை. எழுத்துக்கு எழுத்து உண்மை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது பதினாறு வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். போர்ட் பிளேரில் பத்துபஸ்தியில் தகரக் கூரை போட்ட வீடு எங்களுடையது. விமானம் இறங்குகிறபோது வீட்டில் யாரும் பேச மாட்டோம், பேசினாலும் கேட்காது. அம்மா இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்தாள். அப்பா ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கலாசி. தீவுகளுக்குப் போய்வரும் படகு கரைக்கு வந்தால் கயிற்றைப் பிடித்துக் கட்டுவது, புறப்பட்டால் அவிழ்த்து விடுவது, அதுதான் வேலை. ஆள் பற்றாத நாட்களில் ஹாடோவுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே மெயின்லேண்ட் போகிற பெரிய கப்பலுக்கும் கயிறு அவிழ்த்துவிட்டு வருவார்.

மெயின்லேண்டில் எங்களுக்கு இருந்தது ராமநாதபுரத்து அத்தை மட்டும்தான். அப்பாவுக்கு மூத்தவள். வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன் செய்வாள். அப்பாவுக்கு இன்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் ஃபோனை ஸ்பீக்கரில்தான் போடுவார். ஆகவே என் எதிர்காலம் பற்றிய பேச்சுவார்த்தை முழுவதும் என் காது கேட்கவே நடந்தது.

"பத்து போதும்டா. இங்க அனுப்பி வையி. ரெண்டு வருசம் எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும். அப்புறம் இருக்கவே இருக்கான் எம்மகன். பொம்பளப் புள்ளைன்னா ஒரு இடத்துல உக்காந்து, தல நிமிராம ஒரு வேலையப் பாக்கணும். உம்மக அங்க குதிர மாதிரி அலையுறாளாம்ல."

அத்தை மகனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவனுக்கு மீசை உண்டு என்பது மட்டும். அனுப்பியிருந்த புகைப்படத்தில் மீசைக்கு அப்பால் வேறு எதுவும் பிடிபடவில்லை.

எனக்குப் பதினொன்றாம் வகுப்பு சேர வேண்டும். ஏன் என்று கேட்டால் அப்போது பெரிய காரணமெல்லாம் சொல்லத் தெரியாது. கப்பல் ஏறக் கூடாது, அவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் ஷாதிபூரில் ஒரு சங்கம், படிப்பு நிற்கப் போகிற பெண்களுக்கும் நின்றுபோன பெண்களுக்கும் காலையில் பாடம், மதியம் சிலாய் பயிற்சி, முடிவில் சான்றிதழ் என்று நோட்டீஸ் ஒட்டியது. தையலுக்கு இந்தியில் சிலாய். இங்கே பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று யார் வீட்டுக்குப் போனாலும் தையல் என்றால் சிலாய்தான்; நாங்கள் தமிழ் பேசும்போதும் அப்படியே. நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"சிலாய் நல்லதுதான். ஒரு இடத்துல உக்காந்து பாக்குற காம்" என்றார். வேலையைத்தான் இங்கே காம் என்போம். "சர்டிபிகேட்ட கொண்டா, பதினொண்ணு சேக்குறேன். இல்லேன்னா அடுத்த கப்பல்ல அத்த வீடு. டீக்கா?"

"டீக்" என்று சம்மதித்தேன். அப்பா பேச்சு மாறாதவர். ஜெட்டியில் அவர் போடும் முடிச்சைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள்.

சங்கத்தின் செயலாளர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். தமிழ்தான். காகிதத்தில் இல்லாத எதையும் அவர் நம்ப மாட்டார். காகிதத்தில் இருந்தால் எதையும் நம்புவார். நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்தோம். கூடத்தில் ஆறு தையல் மெஷின்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. உள்ளூரில் தைக்கத் தெரிந்தவர்களுக்குக் கடையில் வேலை குவிந்திருந்தது, யாரும் வரவில்லை. மேடம் விழுப்புரத்தில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட தம்பிக்கு வாட்ஸாப் அனுப்பினார். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர் அவர். சிலாய் மாஸ்டர் வேணும், லேடீஸ் பேட்ச், மூணு மாசம், ரூம் ஃப்ரீ. தம்பிக்கு இந்தி தெரியாது. சிலாயையும் சிலையையும் ஆங்கில எழுத்தில் அடித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இது எங்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது.

பத்தாவது நாள் மாஸ்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்து முகமெல்லாம் பச்சையாக, தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு வாசலில் நின்றார். மூட்டையைக் கீழே வைத்தபோது இரும்புச் சத்தம் கேட்டது. கத்தரிக்கோல் நிறைய வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம், ஒண்ணு கேட்டுக்கறேன். கல்லா, சிமென்ட்டா?" என்றார்.

மேடம் இதைத் துணி வகை என்று எடுத்துக்கொண்டார். "முதல்ல காட்டன்ல ஆரம்பிங்க. அப்புறம் மத்ததெல்லாம்."

"காட்டன்லயா?" மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "துணிய நனைச்சி சுத்தி அது மேல பூசலாம் மேடம். ஆனா மழையில நிக்காது."

"மழையில எதுக்கு நிக்கணும்?"

"கோபுரத்து மேலன்னா மழையிலதான மேடம் நிக்கும்?"

பிறகு அவர் தன் ஃபோனை எடுத்துத் தான் செய்த வேலைகளைக் காட்டினார். ஒரு கோயில் கோபுரத்தில் வரிசையாக நிற்கும் துவாரபாலகர்கள். ஓர் ஐயனார் குதிரை. கல்யாண மண்டப வாசலில் கைகூப்பி நிற்கும் வரவேற்புப் பெண்கள் இரண்டு. ஏதோ ஒரு பூங்காவில் பல்லைக் காட்டும் டைனோசர். ஏழு பெண்களும் ஃபோனைச் சுற்றி நின்று பார்த்தோம். பெங்காலிப் பெண் ஒருத்தி, எட்டாவதோடு நின்றவள், என் காதில் இந்தியில் கேட்டாள்: "இதையெல்லாம் எங்கே உடுத்துவார்கள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே. என் பதினொன்றாம் வகுப்பு அந்த டைனோசரின் வாயில் போனதாகத்தான் தோன்றியது.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தவறு நடந்துவிட்டது என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இரண்டு காரணங்களால் அது நடக்கவில்லை. முதலாவது, மாஸ்டரே போக மாட்டேன் என்றார். "திரும்ப அந்தக் கப்பல்ல ஏறச் சொன்னீங்கன்னா நடுவுல குதிச்சிடுவேன் மேடம். ஒடம்பு தேறட்டும். மூணு மாசம் ஆவும்." இரண்டாவது, மேடம். மேடத்தின் கோப்பில், பயிற்சிக்கு அரசு அலுவலகம் கொடுத்த ஒப்புதல் கடிதம் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்து எங்கள் முன்னால் விரித்து விரலால் தட்டினார்.

"தேக்கோ, பாரு. இதுல என்ன போட்டிருக்கு? எஸ், ஐ, எல், ஏ, ஐ. இவர் யாரு? எஸ், ஐ, எல், ஏ, ஐ மாஸ்டர். ஸ்பெல்லிங் மிஸ்டேக் எங்க இருக்கு, சொல்லு?"

"மேடம், அது சிலாய். இது சிலை" என்றேன்.

"வாயால சொல்லாத. காயிதத்துல காட்டு."

காகிதத்தில் காட்ட முடியவில்லை. பயிற்சி நடந்தால் மூன்று மாதம் கழித்து அதிகாரி வந்து பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், சான்றிதழ் கிடைக்கும். நடக்காவிட்டால் எதுவும் இல்லை. எங்கள் ஏழு பேருக்கும் அந்தக் காகிதம் தேவையாக இருந்தது. ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒவ்வொரு பேரம். ஆகவே மறுநாள் தையல் மெஷின்களை ஓரமாகத் தள்ளி, அவற்றின் மேஜைகளில் களிமண் வைத்துப் பிசைய ஆரம்பித்தோம்.

மாஸ்டருக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. மற்ற ஆறு பெண்களில் ஒருத்திக்கும் தமிழ் வராது. இடையில் நான். அவர் "மொகத்த அளவா வச்சிக்கினு ஒடம்பு பூரா அளக்கணும்" என்பார். நான் அதை இந்தியில் சொல்வேன். பெங்காலிப் பெண் மாஸ்டரின் கையைப் பார்த்தே சரியாகப் புரிந்துகொண்டு, நான் சொன்னது தப்பு என்பாள். முகம் ஒன்று என்றால் நெஞ்சு வரை எத்தனை, முட்டி வரை எத்தனை என்று அவள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். காலைப் பாடத்தில் இதே விகிதக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் அவளுக்கு ஓடாது. மதியம் களிமண்ணில் ஓடும். கணக்கு டீச்சர் ஒருநாள் மதியம் எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் ஒரு பொம்மைத் தலையோடு வகுப்புக்கு வந்தார்.

வீட்டில்தான் கஷ்டம். அப்பா தினமும் சாப்பிடும்போது கேட்பார்.

"இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?"

"அளவு எடுக்க."

"எதுக்கு அளவு?"

"மூக்குக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன் ஒருநாள்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "ஜாக்கெட்டுக்கு மூக்கு அளவு எதுக்கு?"

"தலை வழியா போடுற துணிக்கு எடுப்பாங்கப்பா. மாட்டிக்கக் கூடாதுல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். இன்னொரு நாள் அம்மா என் நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். "துணி மேல கோடு போடுற சாக்பீஸ்" என்றேன். அம்மா என் விரலைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தாள். அது கரையவில்லை. என்னையும் பார்த்தாள். பிறகு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அன்று முதல் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து அப்பா கிழிந்த சட்டைப் பையை நீட்டினார். "இத தைச்சுட்டு வா, பாப்போம்."

அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு நான் வகுப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மாஸ்டர் வாங்கினார். ஈரச் சாக்கு போர்த்தித்தான் சிமென்ட்டை உலர விடாமல் காப்பார்கள் என்பதால் சாக்குத் தைக்கும் கோணி ஊசி அவரிடம் இருந்தது. சணல் நூலால் நாலே இழுப்பில் பையைத் தைத்துக் கொடுத்துவிட்டார். அப்பா பையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழியும் போல இருந்தது, பை அசையவில்லை.

"இது தார்ப்பாய்க்குப் போடுற தையல்ல?" என்றார். கலாசிக்கு அது தெரியாமல் போகுமா?

"முதல்ல கெட்டித் தையல். அப்புறந்தான் அழகு" என்றேன்.

"அச்சா" என்றார். மறுநாள் ஜெட்டியில் நாலு பேரிடம் அந்தப் பையைக் காட்டியதாகக் கேள்வி. பொய்யை ஒருவர் நம்பினால் பரவாயில்லை, பெருமைப்பட ஆரம்பித்துவிட்டால் தாங்க முடியாது.

இரண்டாம் மாதம் மேடம் அதிகாரியின் வருகைத் தேதியோடு வந்தார். பார்வைக்கு ஏதாவது ஒன்று முழுதாகச் செய்து வைக்க வேண்டும். மாஸ்டர், தொடக்கம் என்றால் பிள்ளையார்தான் என்றார். எங்களில் பாதிப் பேர் வேறு மதம், புகார் வரும் என்றார் மேடம். குதிரை? சிலாய்க்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரி கேட்பார். டைனோசரைப் பற்றி யாரும் பேசவில்லை. மிச்சம் இருந்தது மண்டப வாசலில் கைகூப்பி நிற்கும் பெண்தான்.

மேடம் அந்தப் படத்தைக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். "இவள உக்கார வைக்க முடியுமா?"

"வைக்கலாம் மேடம்."

"கும்புட்ட கைய எறக்கி மெஷின் மேல வைக்க முடியுமா?"

மாஸ்டர் யோசித்தார். "மெஷின் செய்ய வராது. மெய்யான மெஷின வச்சிக்கலாம்."

"பஸ், போதும். சிலாய் பண்ற சிலை. காயிதத்துக்கும் சரி, கண்ணுக்கும் சரி" என்றார் மேடம். அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எவர் முகத்திலும் பார்த்ததில்லை.

மணல் இந்தத் தீவில் லேசில் கிடைக்காது. எதிரே கால்வாய் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் மேடம் கல்தூளும் சிமென்ட்டும் கேட்டு வாங்கினார். கம்பியை வளைத்து, கோழிக்கூண்டு வலையைச் சுற்றி, கலவையை அப்பினோம். ராஞ்சிக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கலவை போட்டால் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாஸ்டரே அவளுக்கு வழிவிட்டு நிற்பார். கைகள் அவளுடைய வேலை. சடை பெங்காலிப் பெண்ணுடையது. அதற்காக நான் வீட்டிலிருந்து அப்பாவின் பழைய கயிற்றில் ஒரு துண்டைத் திருடி வந்து கறுப்புச் சாயத்தில் தோய்த்தேன். முகம் எனக்கு விழுந்தது. யார் முகம் என்று கேட்டேன். "எதிர்ல கண்ணாடி இருக்குதே" என்றார் மாஸ்டர்.

முதல் தடவை அச்சு அசல் என் அத்தை போலவே வந்தது. எனக்கும் அத்தைக்கும் ஒரே தாடை என்பது அதுவரை தெரியாது. ஒரு நிமிடம் பார்த்தேன், பூச்சுக் கரண்டியால் ஒரே தட்டு, மொத்தமும் கீழே விழுந்தது. இரண்டாம் தடவை யாராகவும் வரவில்லை. மூன்றாம் தடவை, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அது நானாக இருந்தது. அந்த வேலை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. இதைச் சொல்ல எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் முதல் நாளிலிருந்து முறைத்துக்கொண்டே இருந்தவள் நான். ஆனால் ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னபோதுதான் உணர்ந்தேன்.

கண்தான் வரவில்லை. எத்தனை முறை செய்தாலும் மிரண்டு போன மீன் மாதிரி விழித்தது. "கண்ணு வராதவங்களுக்கு ஒரே வழி, தலைய குனிய வைக்கறதுதான்" என்றார் மாஸ்டர். கழுத்துக் கம்பியை வளைத்து, இமைகளை மூடி, தைப்பதில் மூழ்கியவளாக்கிவிட்டோம். மழை ஈரத்தில் உடம்புக்கு அடித்த பெயின்ட் காயவில்லை. வேறு வழியில்லாமல் என் பத்தாம் வகுப்பு யூனிஃபார்மை முதுகுப் பக்கம் வெட்டி அவளுக்குப் போட்டு, விளிம்புகளைச் சிமென்ட் வைத்து ஒட்டினோம்.

அதிகாரி வருகிற நாளில் கூரை அதிர மழை. மற்ற ஆறு பேரையும் மேடம் மிச்சமிருந்த ஐந்து மெஷின்களைச் சுற்றித் துணியோடு உட்கார வைத்தார். நான் மட்டும் வெளியே தெரியக் கூடாது. "ஒரே மூஞ்சி ரெண்டு எடத்துல இருந்தா கொஸ்டின் வரும்" என்று என்னை இரும்பு பீரோவுக்குப் பின்னால் நிற்க வைத்தார். கையில் கரண்டியோடு போய் நின்றேன். அதை வைத்துவிட்டு வரக்கூட நேரம் தரவில்லை.

அதிகாரிக்கு இரண்டு மணிக்கு ஃபீனிக்ஸ் பேயிலிருந்து வேறு தீவுக்குப் படகு. மூக்குக் கண்ணாடியில் மழைத்துளி படிந்திருக்க, வாசற்படியைத் தாண்டாமல் நின்று பார்த்தார். ஆறு பெண்களும் எழுந்து நமஸ்தே சொன்னார்கள். முன்னால் இருந்தவள் எழவில்லை, நிமிரவும் இல்லை. மேடத்தின் மூச்சு நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"பாருங்கள், அந்தப் பெண்ணை. எவ்வளவு கவனம்" என்றார் அதிகாரி இந்தியில். "அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவள் பெயர் என்ன?"

மேடம் என் பெயரைச் சொன்னார். பொய்யும் இல்லை. அதிகாரி என் சான்றிதழில் சிறந்த மாணவி என்று தன் கையாலேயே எழுதி, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் முன்னறைக்குச் சமோசா சாப்பிடப் போனார்கள். என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். நான் பீரோவுக்குப் பின்னால் பசியோடு நின்றேன்.

அப்போதுதான் அப்பா வந்தார். பெற்றோர்களுக்கும் மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதே இரண்டு மணிப் படகுக்குக் கயிறு அவிழ்க்க வேண்டியவர் என்பதால் அவர் வர மாட்டார் என்று நம்பியிருந்தேன். டியூட்டிச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாசலில் அதிகாரியைப் பார்த்திருக்கிறார். உங்கள் மகள் ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை, பாராட்டுகிறேன் என்று அவரும் சொல்லியிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பாக அப்பா உள்ளே வந்தார். பீரோ இடுக்கில் எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவருக்கு அவளுடைய முதுகும் சடையும் யூனிஃபார்மும் தெரிந்தன.

"ஏ பாப்பா."

அவள் பேசவில்லை.

"ஆபீசர் உன்னத்தான் சொன்னாரு. போதும், அவரு போயிட்டாரு. நிமிரு."

நான் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்பா தலையைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது. "கோவமா இருக்கியா? இருக்கும். மூணு மாசமா கப்பல்ல ஏத்திருவேன், ஏத்திருவேன்னு சொல்லிட்டு இருந்தேன்ல."

கூரையில் மழைச் சத்தம் ஜாஸ்தியாக இருந்ததால் அவரும் குரலைச் சற்று உயர்த்தித்தான் பேசினார்.

"உங்கம்மாட்ட சொல்லல. போன வாரம் ஹாடோவுக்குக் கூப்புட்டாங்க, ஆள் இல்லைன்னு. மெயின்லேண்ட் கப்பல். கயித்தப் புடிச்சிட்டு நிக்கேன், நெனப்பு வருது. நீ உள்ள இருந்தாலும் இந்தக் கயித்த நாந்தான அவுக்கணும். கை வரல பாப்பா. பின்னால நின்னவன் வஞ்சான். சரி விடு. சர்டிபிகேட் வாங்கிட்டேல்ல. என்னமாச்சும் பேசு. நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

அவள் தோளில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். அந்தக் குளிர்ச்சியில் அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

"அப்பா" என்றேன், வெளியே வந்து.

என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். எங்கள் இருவரில் யாரிடம் கேட்பது என்று அவருக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"உனக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"அப்ப இந்தப் பை?" நெஞ்சைத் தொட்டார்.

"மாஸ்டர் தைச்சது. கோணி ஊசியில."

"இது?"

"மூஞ்சி மட்டும் நான் செஞ்சது."

அவர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு சடையைப் பிடித்துப் பார்த்தார். "இது என் கயிறு."

"ஆமாப்பா."

மணி ஒன்றரை தாண்டியிருந்தது. அவர் மழைக்குள் இறங்கிப் படகுக்குக் கயிறு அவிழ்க்கப் போய்விட்டார். மேடம் கொடுத்த சான்றிதழ் கையில் இருந்தது. அது என்னைக் கப்பலிலிருந்து காப்பாற்றுமா என்பது மட்டும் தெரியவில்லை. சமோசாவும் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் அவர் வந்ததும் நான் சான்றிதழைத் தரையில் வைத்தேன். அப்பா கோபமாகத்தான் இருந்தார். "தினமும் கேட்டேன். மூக்கு அளவுங்குற. சாக்பீஸுங்குற. ஜெட்டி பூரா பையக் காட்டிட்டு வந்திருக்கேன்." நான் அழுதேன். அம்மா எங்கள் இருவரையும் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்போது ஃபோன் அடித்தது. அத்தை. வழக்கம்போல ஸ்பீக்கர்.

"என்னடா, இன்னைக்குத்தான பரீட்சைன்ன. சர்டிபிகேட் வாங்கிட்டாளா?"

அப்பா தரையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். எஸ். ஐ. எல். ஏ. ஐ.

"வாங்கிட்டா. இவதான் ஃபர்ஸ்ட்."

"நெசமாவா. என்ன தைப்பா? ஜாக்கெட்டு தைப்பாளா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"அவ தைச்சது ஒண்ணும் கிழியாதுக்கா" என்றார்.

"அப்ப இங்க அனுப்புடா. நம்ம தெருவுலயே ஒரு மெஷினப் போட்டு உக்கார வச்சிரலாம்."

"இல்லக்கா. சர்டிபிகேட் வாங்குனா பதினொண்ணுன்னு சொல்லிட்டேன். பேச்சு பேச்சுதான்."

அத்தை நிறையச் சொன்னாள். அப்பா ஃபோனை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுக் கைலிக்கு மாறினார். அவள் பேசி முடித்துத் தானாகவே வைத்துவிட்டாள். அவர் சுவரில் ஆணி அடிக்க இடம் தேடினார். தேடிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"இவளோட பழைய யூனிஃபார்ம அந்தப் புள்ள போட்டிருக்கு. நாளைக்குப் போயி புதுத் துணி எடு. எடுத்துட்டு நேரா டெய்லர்ட்ட குடு. இவ கையில குடுத்துராத."